"குழுக் கடன் வெளிநாட்டுப் பணம், கட்டத் தேவையில்லை" என்பது பொய்

வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், அணைக்கட்டு ஊர்கள் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: மகளிர் குழுக் கடன் என்பது தொண்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டில் இருந்து வந்த தானமாம், திருப்பிக் கட்ட வேண்டாமாம்.

தவறு. பாஸ்புக்கைப் புரட்டினாலே தெரியும், கடன் கொடுத்தது வங்கி. வங்கியில் இருப்பது நம் ஊர்க்காரர்கள் போட்ட பணம். கட்டாமல் விட்டால் குழுவுக்கு அடுத்த கடன் சிக்கல்தான்.

வதந்திக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1989இல் தருமபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியபோது ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியது. அதுவும் அரசு வாங்கிய கடன்தான், தானமல்ல! அன்று தொண்டு நிறுவன ஊழியர்தான் தெருத்தெருவாகப் போய்ப் பெண்களைச் சேர்த்து, தீர்மான நோட்டு எழுதக் கற்றுக்கொடுத்து, வங்கி மேலாளர் முன் உட்கார வைத்தார். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை அரசின் வாழ்வாதார இயக்கமும் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் பார்க்கின்றன.

அப்புறம், வெளிநாட்டு நன்கொடை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பின் அது டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். வாங்கிய தொண்டு நிறுவனம் அதை வேறு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. சந்தேகமிருந்தால் குழுவை வழிநடத்தும் ஊக்குநரிடம் கடன் பாஸ்புக்கைக் கேட்டுப் பாருங்கள்.