யார்தெனித் ஞானஸ்நான இடம் இல்ல பிரதர்
பிரதர், குரூப்போட புனித பயணத்துக்குப் போறவங்க யார்தெனித்ல எறங்குனா இயேசு ஞானஸ்நானம் எடுத்த அதே எடத்துல நிக்கிறாங்கன்னு போட்டிருக்கீங்க, அது சரியில்ல, தயவுசெஞ்சு மாத்திடுங்க. யார்தெனித் இஸ்ரேல்ல, கலிலேயாக் கடல்ல இருந்து யோர்தான் ஆறு வெளிய வர்ற எடத்துக்குப் பக்கத்துல இருக்கு, 1981ல யாத்ரீகர்களுக்காக ஏற்பாடு பண்ண எடம் அது.

பாரம்பரியமா சொல்ற எடம் தெற்க, எரிகோவுக்குப் பக்கத்துல, சாக்கடல்ல யோர்தான் கலக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி. மத்தேயு 3ஐ பாருங்க, யோவான் யூதேயாவின் வனாந்தரத்துல பிரசங்கம் பண்ணாருன்னுதான் இருக்கு, நம்ம பழைய மொழிபெயர்ப்புல யோவான் 1:28ல அக்கரையில இருக்குற பெத்தாபரான்னே பேர் வருது. ஜோர்டான் நாட்டுப் பக்கம் அல்-மக்தாஸ், அதுக்குதான் யுனெஸ்கோ 2015ல உலக பாரம்பரிய சின்னம்னு அங்கீகாரம் கொடுத்துச்சு, எதிர்க்கரை கஸ்ர் அல்-யஹூத், 1967 அரபு-இஸ்ரேல் போருக்கப்புறம் மூடிக் கெடந்து 2011லதான் எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அங்க ஆறு ரொம்ப குறுகல், தண்ணி கலங்கி மண் நெறத்துல இருக்கும், எதிர்க்கரையில ஜெபம் பண்றவங்க முகமே தெரியும், ஆனா நடுவுல ஓடுறது நாட்டு எல்லை, கடக்க முடியாது.

யார்தெனித்ல ஞானஸ்நானம் எடுத்தவங்க யாரும் மனசு கஷ்டப்பட வேண்டாம், அதுவும் அதே யோர்தான் தண்ணிதான். ஆனா வாழ்நாள்ல ஒரே தடவ போற வயசானவங்க இருக்காங்க, அவங்ககிட்ட எடத்த சரியா சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும்.