ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டும் முன்

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி நம்பிக்கை தருவதாக ஒரு கட்டுரை சொல்கிறது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி இந்தக் காயத்துக்கு அது ஆய்வு நிலைதான். ஆய்வென்றால் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்திய அரசுப் பதிவேடு) பதிவு எண் இருக்கும், நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எண்ணைக் கேட்டு, அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ஜப்பான் 2018-ல் கொடுத்த அனுமதியும் நிபந்தனையோடுதான், அதுவும் புதிதாக அடிபட்டவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று: நரம்பு முழுதாக அறுபடாதவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் தானாகவே ஓரளவு உணர்வு திரும்பும். அந்த நேரத்தில் ஊசி போட்டுவிட்டு, பலன் ஊசியால்தான் என்பார்கள்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி உலுக்க ஏறி விழுகிறவர்கள் எத்தனை பேர்! நிலத்தை விற்று பெங்களூருக்கு ஓடுவதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியது சிறுநீர்ப்பை. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள், இல்லையென்றால் சிறுநீர் மேலேறி கிட்னியைக் கெடுக்கும். படுக்கையில் 2 மணிக்கொரு முறை புரட்டி, வால் எலும்பு, குதிகால் இரண்டையும் தினமும் பாருங்கள். அழுத்தியும் மறையாத சிவப்புதான் புண்ணின் ஆரம்பம்.

முதுகுத்தண்டில் நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீர் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் போட்டே விட்டிருந்தால் அது மடங்கியிருக்கிறதா பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறும், அடங்காவிட்டால் 108.