பீன் 1999இல் புதிதாக உருவான பாத்திரம் அல்ல

ஆர்சன் ஸ்காட் கார்டின் அறிவியல் புனைகதை நாவல்களில் வரும் சிறுவர்களான எண்டரையும் பீனையும் ஒப்பிடும் நம் திருகோணமலை வாசகர்களின் இந்த இழையில், 'எண்டர்ஸ் கேம்' முடியும் இடத்தில் 'எண்டர்ஸ் ஷேடோ' தொடங்குகிறது என்றும், அதற்காகவே பீன் புதிதாகப் படைக்கப்பட்டான் என்றும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலரும் பகிர்ந்துள்ளனர். மன்னிக்கவும், அது சரியன்று.

1999இல் வெளிவந்த 'எண்டர்ஸ் ஷேடோ' தொடர்ச்சி நாவல் அன்று. ரொட்டர்டாம் தெருக்களில் பசியோடு அலையும் பீனிடம் தொடங்கினாலும், சிறுவர்களைப் படைத்தலைவர்களாகப் பயிற்றும் போர்ப்பள்ளிக்குள் நுழைந்தபின் முதல் நாவலின் அதே நிகழ்வுகளையே அவன் கண்வழியே சொல்லிச் செல்கிறது. பீனோ 1985இல் வந்த 'எண்டர்ஸ் கேம்' நாவலிலேயே இருக்கிறான். அதற்கு வித்தான, 1977இல் 'அனலாக்' இதழில் வந்த சிறுகதையிலும் இருக்கிறான்.

சரிபார்ப்பது எளிது. 'எண்டர்ஸ் கேம்' நாவலின் 10ஆம் அத்தியாயத்தைத் திறந்தால், போர்ப்பள்ளியில் எண்டர் தலைமையேற்கும் மாணவர் அணியான டிராகன் படையின் முதற்பயிற்சியில் அவன் தனியே பிரித்தெடுத்துச் சீண்டும் சின்னஞ்சிறுவன் பீன்தான் என்பது தெரியும். பின்னர் அதே காட்சியை இரண்டாம் நாவலில் தேடி, இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். (என் மனம் பீன் பக்கம் சாய்ந்ததும் அப்படி வாசித்தபோதுதான்.) நூல் கிடைக்காதவர்கள் சொன்னால், உவர்மலையில் என்னிடமுள்ள பிரதிகளை இரவல் தருகிறேன்.