லா லிகாவின் மிக இளைய வீரர் யமால் அல்ல

'லா லிகாவில் (ஸ்பெயினின் முதல்நிலைக் கால்பந்து லீக்) மிக இளம் வயதில் ஆடியவர் பார்சிலோனா விங்கர் (பக்கவாட்டில் ஆடும் முன்கள வீரர்) லமின் யமால்' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 2023 ஏப்ரல் 29 அன்று ரியல் பெட்டிஸுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில், சக வீரர் கவிக்குப் பதிலாக யமால் இறங்கியபோது வயது 15 ஆண்டு 290 நாள். 2020 ஜூனில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்து மயோர்காவுக்காகக் களமிறங்கிய லூக்கா ரொமேரோவுக்கு 15 ஆண்டு 219 நாள்தான். யமால் இரண்டாமவர்கூட இல்லை. 1939-லேயே செல்டா வீகோவின் சான்சோன் 15 ஆண்டு 255 நாளில் ஆடிவிட்டார்.

யமால் படைத்தது, லா லிகாவில் பார்சிலோனா அணிக்காக மிக இளம் வயதில் ஆடியவர் என்ற சாதனை. பதிவை ஃபார்வர்ட் செய்தவர்கள் கிளப் பெயரை வழியிலேயே தொலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கோல் கணக்கு வேறு. 2023 அக்டோபரில் கிரனாடாவுக்கு எதிராக 16 ஆண்டு 87 நாளில் கோல் அடித்து, லா லிகாவில் மிக இளம் வயதில் கோல் போட்டவரானார். அந்தப் பெருமை அவருடையதே.