வேகமான கணினி மட்டும் போதாது

வேகமான கணினி இருந்தால் யூஎஸ்பி டிரைவரில், அதாவது யூஎஸ்பியில் இணைத்த கருவியைக் கணினி இயக்க உதவும் மென்பொருளில், தாமதமே வராது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என் அனுபவம் வேறு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பட்டறையின் மரம் வெட்டும் மெஷினுக்கு நான்தான் டிரைவர் எழுதினேன். யூஎஸ்பியில் ஹோஸ்ட், அதாவது கணினி, கேட்டால்தான் கருவி வாய் திறக்கும். இன்டரப்ட் (குறுக்கீடு) டிரான்ஸ்ஃபர் என்ற பெயரைப் பார்த்து, கருவியே குறுக்கிட்டுப் பேசும் என்று நம்பிவிடாதீர்கள், அதுவும் கேட்டு வாங்குவதுதான். அந்த நேரமும் துண்டு துண்டாகத்தான் ஓடும்: யூஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடில் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃபிரேம் (நேரத் துண்டு), அதைவிட வேகமான ஹை ஸ்பீடில் 125 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று.

நான் மெஷினின் மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்புகளை, மொத்தமாகத் தரவு அனுப்புவதற்கான பல்க் டிரான்ஸ்ஃபரில் ஒவ்வொன்றாக அனுப்பினேன். பல்க்குக்கு நேர உத்தரவாதம் கிடையாது. அதே ஹப்பில் (பல கருவிகளை ஒரே யூஎஸ்பி இணைப்பில் சேர்க்கும் பெட்டியில்) இருந்த பென் டிரைவிலிருந்து ஃபைல் காப்பி செய்ததும் பிளேடு திணறி, பலகை விளிம்பு ரம்பப் பல்லாகிவிட்டது. அப்புறம் துடிப்புக் கணக்கைப் மெஷினின் போர்டிலிருந்த மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லிடமே விட்டு, கட்டளைகளை முன்கூட்டியே அனுப்பினேன். விளிம்பு வழவழப்பாக வந்தது.