சம்பள நாளில் கிறிஸ்துவுக்கு என்ன இடம்?

முதலாவது தேவன், இரண்டாவது குடும்பம், மூன்றாவது தொழில் என்று வரிசைப்படுத்திப் பிரசங்கிப்பது எங்கள் மலையகச் சபைகளில் வழக்கம். கேட்கும் நாமும் ஆமென் சொல்கிறோம். ஆனால் இந்த வரிசையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஞாயிறு ஆராதனையோடும் காணிக்கையோடும் உபவாச ஜெபத்தோடும் முதலாம் இடத்துக்குரியதைச் செலுத்தி முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, மற்ற இரண்டையும் அவரைக் கேளாமலே நடத்திக்கொள்ள அது நமக்கு இடம் கொடுத்துவிடுகிறது. பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது கிறிஸ்து "எல்லாவற்றிலும் முதல்வராயிருக்கும்படி" என்கிறார். அப்படியானால் சம்பளம், கடன், கல்யாணப் பேச்சு, வயதான தாய்க்கு அனுப்பும் பணம் ஆகிய ஒவ்வொன்றிலும் முடிவு சொல்ல வேண்டியவர் அவரே.

ஆகாய் தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கி.மு. 520ஆம் ஆண்டு. பாபிலோனிலிருந்து திரும்பிய ஜனங்கள் ஆலய வேலையை ஏறத்தாழ 16 ஆண்டுகளாக நிறுத்திவைத்துவிட்டு, தங்கள் வீடுகளைக் கட்டி முடித்திருந்தார்கள். "உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள்" என்று கர்த்தர் அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை சொல்கிறார். இடையில் வருகிற வசனம் தேயிலைத் தோட்டத்துச் சம்பளத் துண்டைப் பார்த்து எழுதியதைப்போல இருக்கிறது: "கூலியைச் சம்பாதிக்கிறவன் பொத்தலான பையிலே போடுகிறதற்காய்ச் சம்பாதிக்கிறான்."

அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே எத்தனை பேர் (முழு நாட்சம்பளம்) விழுந்திருக்கிறது, எத்தனை அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) என்ற கணக்கு. அதற்குக் கீழே சேமலாப நிதி, சங்கச் சந்தா, நத்தாருக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை என்று வரிசையாகக் கழிவுகள். 10ஆம் திகதி கைக்கு வருகிற மீதியை வாரக்கடன் வசூலிக்க வருகிறவரும் கடைப் பற்றும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, அந்த ஆயிரத்தின் பெறுமதியையும் கொண்டுபோய்விட்டது. இந்தப் பொத்தல் தொழிலாளியின் ஒழுங்கீனத்தால் உண்டானதன்று. அறுவடை செய்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதைப் பிரசங்கியாமல், சிக்கனத்தையும் தசமபாகத்தையும் மட்டும் ஏழைகளுக்குப் போதிக்கிற சபை, கிறிஸ்துவை மையமாகக் கொண்டிருக்கிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு விஷயத்தையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொழுந்து பெருகும் மாதங்களில் ஞாயிறன்றும் மலைக்குப் போகும் தாய்மாரை, உலகத்தை நேசிக்கிறவர்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். அன்றைய காசு கையோடு கிடைக்கிறது. பிள்ளையின் டியூஷன் காசும் சப்பாத்தும் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று சொன்ன ஆண்டவர், கூடையும் தலைக்கயிறுமாக நிற்கும் அந்தப் பெண்ணை விரட்டியிருக்க மாட்டார். ஆராதனையை மாலை நான்கு மணிக்கு மாற்றினால் அவர் வருவார். நம்முடைய நேர அட்டவணையைக் காப்பாற்றுவதா, அந்தச் சகோதரியைச் சபையோடு சேர்த்துக்கொள்வதா என்பதில்தான் நம் முன்னுரிமை வெளிப்படுகிறது.

இப்போது தோட்டத்திலிருந்து மேலேறி வந்த எங்களைப் போன்றவர்களின் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் நியமனம் கிடைத்தவர்கள், வங்கியில் இருப்பவர்கள், கொழும்பிலும் வளைகுடாவிலும் உழைப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி ஒக்ஸ்போர்டில் இருந்தபோது, 30 பவுண் வருமானத்தில் 28 பவுணைக் கொண்டு வாழ்ந்து, மீதி இரண்டையும் ஏழைகளுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆயிற்று. அப்போதும் 28 பவுணோடு நிறுத்திக்கொண்டு 32 பவுணைக் கொடுத்தார். வருமானம் 90, 120 என்று உயர்ந்தபோதும் அவருடைய செலவு அசையவில்லை. எங்களுக்கோ வருமானம் உயர்கிற அன்றே தேவைகளும் உயர்ந்துவிடுகின்றன. தோட்டத்து லய அறையில் இருக்கும் தாய்க்கு அனுப்பும் தொகை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும் வீடியோவும் வேண்டும் என்று கடன் எடுக்கிறோம். அந்தக் கடனுக்கும் ஜெபித்துத்தான் கையெழுத்து வைக்கிறோம்.

இதைவிட வேதனையான காரியம் சாதி. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணி எழும்பி வந்தவர்கள், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது முதலில் அதைத்தான் விசாரிக்கிறார்கள். விசுவாசமும் நடத்தையும் படிப்பும் பிறகுதான் வருகின்றன. அந்த வீட்டில் கல்யாணத்தைத் தீர்மானிப்பது எதுவோ அதுவே அங்கு முதலிடத்தில் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் வசனப் பலகை எதைச் சொன்னாலும் சரி.

தம் வாழ்க்கை முழுவதையும் கிறிஸ்துவைச் சுற்றி அமைத்துக்கொண்டவர்களை இந்த மலைகள் கண்டிருக்கின்றன. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார், காப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகவே போய் ஊழியம் செய்தார்கள். 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ், தமக்குக் கிடைத்த கல்வியையும் செல்வாக்கையும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து நின்ற எங்கள் மக்களுக்காகச் செலவிட்டார். அவருடைய ஜெபத்தையும் அவர் செய்த வேலையையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெரிய ஊழியக்காரரை மட்டும் நான் சொல்லவில்லை. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தொழிலாளியான ஒரு விதவைத் தாய் இருக்கிறார். உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தவுடன், களைவதற்கு முன்பே, ஒரு பிடியை எடுத்துப் பழைய பால்மா டின்னில் போட்டு மூடிவிட்டுத்தான் அடுப்பைப் பார்ப்பார். மாதக் கடைசியில் அந்த அரிசி சபைக்கு வரும். அங்கிருந்து, வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கும் யாராவது ஒருவருடைய வீட்டுக்குப் போகும். சாப்பிட்டு மிஞ்சியதை அவர் கொடுப்பதில்லை. அளவு குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை என்று அவருடைய மருமகள் சொன்னார்.

"முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்ற கட்டளையில் நீதியும் இருக்கிறது. ஆகவே வருகிற சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதற்காக மூன்று காரியங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைக்காசு நாட்களில் ஆராதனையை மாலைக்கு மாற்றுவது. வாரக்கடனில் சிக்கிய குடும்பங்களுக்காகச் சபையில் வட்டியில்லாத ஒரு சிறு நிதியைத் தொடங்குவது. சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிறவர்களுக்குச் சபைப் பொறுப்புக் கொடுப்பதா என்பதை வெளிப்படையாகப் பேசுவது. மூன்றாவதற்கு எதிர்ப்பு வரும் என்பது தெரிந்தே எழுதினேன். உங்கள் சபைகளில் இவற்றில் எதையாவது செய்து பார்த்திருந்தால், முக்கியமாக அந்த வட்டியில்லாத நிதியை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை, கீழே எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்பு எனக்கு அது தேவைப்படுகிறது.