ரெக்கார்டு மாதிரியே பாடித்தான் ஆகணுமா?

ஆடி மாதம் வந்தால் வடசென்னையில் தெருவுக்குத் தெரு மேடை. கூழ் ஊற்றிய அன்று ராத்திரி மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் விழா முடியாது. பாடிவிட்டு இறங்குகிறவருக்குக் கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டு ஒன்றுதான்: "அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு." அந்தக் கச்சேரிகள் எனக்கும் பிடிக்கும். ஸ்டுடியோவில் ஒரு பெரிய கூட்டமே வாசித்ததை ஏழெட்டுப் பேரை வைத்து மேடையில் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஒரு பாட்டை மறுபடி பாட அது ஒன்றுதான் வழி என்று நாம் முடிவு கட்டிவிட்டோமே, அதோடுதான் சண்டை.

கொருக்குப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி தனியாளாக நடத்திய நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். ஒரு மைக், காலடியில், சத்தத்தைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிற ஒரு லூப் பெடல், பக்கத்தில் காலி எண்ணெய் டின். டின்னின் அடியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ வில்லை ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். நகத்தால் டின்னைச் சுரண்டினால் ஸ்பீக்கரில் மழை மாதிரி வருகிறது. அதைப் பெடலில் பிடித்தாள். மேலே மூச்சுச் சத்தம். அதற்கு மேலே ஒரு முனகல். இதெல்லாம் சுற்றிச் சுற்றி வர, பழைய சினிமாத் தாலாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். பல்லவியைத் தொடவே இல்லை. சரணத்தில் இருந்து இரண்டே வரி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. பாட்டு எது என்று கொஞ்ச நேரம் யாருக்கும் பிடிபடவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு ஆயாதான் முதலில் கண்டுபிடித்தார். அவள் பாடாமல் விட்ட பல்லவியை ஆயா வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார்.

லூப் பெடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "எல்லாம் மெஷின் செய்யுது" என்று பின்னால் இருந்து ஒருவர் சொன்னார். இல்லை. காலால் ஒரு முறை அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுபடி அழுத்தினால் பதிந்தது சுற்ற ஆரம்பிக்கும், அப்புறம் அதன் மேலேயே அடுத்தடுத்த அடுக்கு ஏற்றலாம். கால் கொஞ்சம் பிந்தினால் அந்தத் தாளப் பிசகு பாட்டு முடியும் வரை கூடவே சுற்றும். மெல்லிசைக் குழுவில் ஒருவர் தடுமாறினால் இன்னொருவர் தூக்கி நிறுத்துவார். இங்கே தூக்க ஆள் இல்லை. தன் பிழையையும் சுருதி சேர்த்துப் பாட வேண்டிய இடம் அது. அந்தப் பெண்ணின் இடது பாதம் பெடலுக்கு மேலே தொடாமல் நிற்பதைப் பார்த்தபோது எனக்கே பதற்றமாக இருந்தது.

கீழே இறங்கியதும் இரண்டு பேச்சு காதில் விழுந்தது. ஒன்று, "ஒரே ஆளா? ஆர்கெஸ்ட்ரா வைக்கக் காசு இல்லையா?" இன்னொன்று, "நல்ல பாட்டைக் கெடுத்துட்டா." இரண்டையும் நம் ஊர் ஆட்களே சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் தனியாளாகப் பாடுவது, பாட்டை மாற்றிப் பாடுவது இரண்டையும் முன்பே செய்து காட்டியது நம் ஊர். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிறவரைப் பாருங்கள். டேப் என்கிற தோல்கருவியோ டோலக்கோ இருந்தால் சரி, இல்லாவிட்டால் தீப்பெட்டியே போதும். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, இறந்தவரின் பேரையும் தொழிலையும் வைத்து அங்கேயே பாட்டுக் கட்டுவார். இது ஒரிஜினல் மாதிரி இல்லையே என்று சாவு வீட்டில் யாராவது கேட்டதுண்டா? அழுதார்கள், நடுநடுவே சிரித்தார்கள், இன்னொரு பாட்டு என்று கேட்டார்கள். 2018 ஜனவரியில், கானாவோடு ராக்கையும் ராப்பையும் கலந்து பாடுகிற தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய பிறகு கானாவுக்குப் பெரிய மேடைகள் திறந்தன. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அது ஒரு பெரிய குழு. தனியாளாக நின்று பாடுகிறவருக்கு அந்தக் கதவு இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

கர்நாடக சங்கீத சபாக்காரர்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். தியாகராஜர் கீர்த்தனையை ஜி.என்.பி. என்கிற ஜி.என்.பாலசுப்ரமணியம் வேகமான பிருகாக்களோடு பறந்து பாடினார், எம்.டி.ராமநாதன் நிறுத்தி நிதானமாகப் பாடினார். யாரும் ஒருவரை அசல் என்றும் மற்றவரை நகல் என்றும் சொல்லவில்லை. சினிமாப் பாட்டு என்று வந்ததும் மட்டும் முதல் ஒலிப்பதிவு கல்வெட்டு ஆகிவிடுகிறது.

வெளிநாட்டில் தனி இசைக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆண்டனி பிராக்ஸ்டன் 1969இல் ஒரே ஒரு ஆல்டோ சாக்ஸபோனை வைத்து இரட்டை இசைத்தட்டு நிறைய வாசித்துப் பதிவு செய்தார். கூட டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1987இல் கிட்டார் கலைஞர் பேட் மெத்தேனிக்காக எழுதிய படைப்பில், தானே முன்கூட்டிப் பதிந்துவைத்த கிட்டார்களோடு ஒரு கிட்டார்காரர் மேடையில் தனியாக வாசிப்பார். பாடகி கேட் பவர் 2000இல் வெளியிட்ட, மற்றவர் பாட்டுகளை மறுபடி பாடுகிற கவர் தொகுப்பில் ரோலிங் ஸ்டோன்ஸின் ஊரறிந்த பாட்டு ஒன்றைப் பாடினார். எல்லோரும் சேர்ந்து கத்துகிற பல்லவியை அப்படியே விட்டுவிட்டார். கொருக்குப்பேட்டை மாடியில் நடந்ததும் இதுதான். அந்தப் பெண் அதைக் கேட்டிருக்கிறாளா என்று நான் விசாரிக்கவில்லை. அவளுக்கு ஆயாக்களின் தாலாட்டே போதுமானதாக இருந்திருக்கலாம்.

மாற்றிப் பாடுகிறவருக்கு நம் சட்டமும் பெரிய ஆதரவு தரவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் கொண்டுவந்த 31சி பிரிவுதான் கவர் ஒலிப்பதிவுக்கானது. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். இதையெல்லாம் செய்தாலும், உரிமையாளர் சம்மதத்தோடு முன்பே செய்யப்படாத, பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியில் தேவைப்படாத எந்த மாற்றத்தையும் பாட்டில் செய்யக் கூடாது. அதாவது, உள்ளது உள்ளபடி பாடினால் சட்டம் வழிவிடும். யோசித்துப் பாடினால் உரிமையாளர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பணம் போய்ச் சேர வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. இங்கே கட்டிய மெட்டு வேறெங்கோ போய்க் காசான கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் 50,000 பிரதிக் கணக்கு கம்பெனிகளுக்கானது. படுக்கையறையில் பதிவு செய்து இருநூறு பேருக்குக் கேட்கக் கொடுக்கிற பிள்ளைக்கு அதில் இடம் எங்கே? சிறிய பதிவுகளுக்குத் தனியாக ஒரு சின்னக் கட்டணமும், மாற்றிப் பாட அனுமதியும் வேண்டும் என்பது என் கருத்து.

பதிவு என்றதும் இன்னொன்று. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி போனால் ஜன்னல் கம்பி அதிரும். அந்தப் பெண்ணின் பதிவைக் கேட்ட ஒரு ஸ்டுடியோக்காரர் எல்லா இரைச்சலையும் துடைத்துக் கொடுத்தார். ரயிலோடு சேர்ந்து அவள் மூச்சும் போய்விட்டது, சொற்களின் கடைசியில் வருகிற சகரமெல்லாம் மழுங்கிவிட்டது. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் ஒரு அறையில் உட்கார்ந்து பேசி அதைப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்தார், திரும்பத் திரும்ப. கடைசியில் பேச்சு கரைந்து அந்த அறையின் ஒலி மட்டும் மிஞ்சியது. அறையும் பாடும் என்று அன்றைக்கே ஒருவர் காட்டியிருக்கிறார். நம் வீடுகளின் சத்தத்தை மட்டும் ஏன் அழுக்காகவே நினைக்க வேண்டும்? அவள் துடைக்காத பதிவைத்தான் வெளியிட்டாள். சரியான முடிவு.

எல்லாத் தனி நிகழ்ச்சியும் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பெடலில் பத்து அடுக்கு ஏற்றிவிட்டு, சொல்ல எதுவும் இல்லாமல் நிற்கிறவர்களையும் கேட்டிருக்கிறேன். அது போரடிக்கும்தான். ஆனால் அதை நாலு மேடை ஏறித்தான் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும். போன வருஷம் ஒரு விழாக் குழு இந்தப் பெண்ணிடம் "பின்னணி இசை டிராக் போட்டுப் பாடும்மா, பத்து நிமிஷம் தர்றோம்" என்றது. அவள் மறுத்துவிட்டாள். மேடையும் கிடைக்கவில்லை.

இந்த வருஷ ஆடிக்கு மேடை போடுகிற அண்ணன்மார் சிலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். பெரிய கச்சேரி தொடங்கும் முன் சவுண்டு செக் முடிந்து மேடை சும்மாதான் கிடக்கும். அதில் இருபது நிமிஷம் கொடுங்கள். ஒரு மைக், ஒரு மானிட்டர், ஒரு பிளக் பாயின்ட் போதும், ஆர்கெஸ்ட்ரா செலவு கிடையாது. எதைப் பாட வேண்டும், எப்படிப் பாட வேண்டும் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து அவளைப் போல இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். இன்பாக்ஸில் கேளுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.